இல்லாத நோயாளிக்கு வந்த போன்

அவள் மேசையின் கீழ் டிராயரில் கிடந்த பழைய பட்டன் போன் அடித்தால் எங்கோ திருட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்காகத்தான் அதை வாங்கி வைத்திருந்தாள். வாங்கின நாளிலிருந்து அது அடித்ததில்லை. அவ்வப்போது எடுத்து சார்ஜ் போடுவாள், துடைப்பாள், திரும்ப உள்ளே வைப்பாள். பார்க்கும்போதெல்லாம் ரிசப்ஷன்காரி, "மாப்பிள்ளை வீட்ல இன்னும் பேசலையா?" என்று போனைக் காட்டிக் கிண்டலாகக் கேட்டுவிட்டுப் போவாள்.

அன்று மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது டிராயர் அதிர்ந்தது.

பல் ஆஸ்பத்திரி அது. ஊரில் அங்கங்கே கிளைகள். நோயாளிகளுக்குப் பதில் சொல்வது, நேரம் ஒதுக்குவது, எக்ஸ்ரேயை உரிய டாக்டருக்கு அனுப்புவது, வராதவர்களுக்கு ஞாபகப்படுத்துவது எல்லாவற்றையும் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் பார்த்துக்கொண்டது. வேலை சுத்தம். ஒரே குறை, சொன்ன பேச்சைக் கேட்கும். யார் சொன்னாலும் கேட்கும். அதற்குப் புதுசு புதுசாக வேலை கற்றுக்கொடுக்க வெளியாட்கள் ஆட்-ஆன் எழுதி விற்கிறார்கள். ஆட்-ஆன் என்றதும் ஏதோ மந்திரம் என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் சாதாரண வாக்கியங்கள்தான். இப்படிக் கேட்டால் இப்படிச் செய், அங்கே போய் இதை எடுத்து வா. அந்த வாக்கியங்களுக்கு நடுவில் திருட்டு வாக்கியம் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாலும் ஏஜென்ட் அதையும் அதே பணிவோடு செய்து முடிக்கும். அப்படி எதுவும் உட்கார்ந்திருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்னால் பார்ப்பது அவள் உத்தியோகம். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'வடிகட்டி' என்று பேர். நர்ஸ்கள் முதல் பெரிய டாக்டர் வரை அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சல்லடை என்று சொல்லாதவரைக்கும் சரி.

அவளுடைய வழி இதுதான். முதலில் ஆட்-ஆனின் ஒவ்வொரு வரியையும் படிப்பாள். பிறகு 'பொம்மை ஆஸ்பத்திரி'யில் விடுவாள். அது தனியாக ஒதுக்கி வைத்த ஒரு கம்ப்யூட்டர். நிஜ ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கும், நோயாளிகள் மட்டும் அவள் கற்பனை. நேரம் வாங்கிவிட்டு வராமலே இருப்பவர், ஊசி என்றால் ஓடுபவர், டாக்டரிடம் சண்டைக்கு நிற்பவர் என்று ஒரு கூட்டத்தையே உண்டாக்கி வைத்திருந்தாள். அவர்களில் பேர்போனவள் கடைவாய்க்காரி. கடைவாய்ப் பல்லில் சொத்தை, வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது. அவளுக்கு வைத்த பேர், இரண்டு பழைய வாத்தியார்களின் பேரை வெட்டி ஒட்டியது. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பேர் இருக்க வழியில்லை. கடைவாய்க்காரியின் நம்பராகக் கொடுத்திருந்தது டிராயர் போனின் நம்பர்.

எந்த ஆட்-ஆன் வந்தாலும் பொம்மை ஆஸ்பத்திரியில் சில நாள் கிடக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக விட்டால் எது கைவைத்தது என்று தெரியாது. "துணி ஊறுதா?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள். ஊறுது என்பாள். அழுக்கு உடனே விடாது, ஊறினால் விடும்.

இப்போது ஊறிக்கொண்டிருந்தது அவள் கொழுந்தன் எழுதியது.

போனை எடுத்தாள். ஒரு பெண் குரல். வாத்தியார் பேர் இரண்டையும் ஒட்டிய அந்த விபரீதப் பேரை நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்லி, அவங்கதானே பேசறது என்று கேட்டது. ஆமாம் என்றாள். கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை பாக்கி இருக்கிறதாமே, எங்கள் பல் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் பாதிச் செலவு மிச்சம் என்றது குரல். என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். நீங்களேதான் மேடம் பதிவு பண்ணீங்க என்று குரல் கூசாமல் சொன்னது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தாள்.

பேர், நம்பர், பல். மூன்றும் போயிருக்கிறது. பொம்மை ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஆட்-ஆன். வேறு யாரைச் சொல்ல?

பதிவைத் திறந்தாள். பொம்மை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே என்ன போனாலும் அதில் எழுதப்பட்டிருக்கும். முதல் நாள் சுத்தம். அடுத்தடுத்த நாட்களும் சுத்தம். பிறகு, ஒவ்வொரு தடவை ஆட்-ஆன் வேலை செய்தபோதும் ஒரு சின்னத் தகவல் பொட்டலம் அவள் கேள்விப்படாத முகவரிக்குப் போயிருந்தது. மற்றவர்கள் எழுதியதாக இருந்தால் காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பதிவைப் பார்ப்பாள். கொழுந்தனுடையதை முதல் நாள் பார்த்ததோடு சரி. வீட்டுப் பிள்ளை எழுதியதற்கு என்ன காவல் என்று இருந்துவிட்டாள். அப்படி இருக்கிறோம் என்று கூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

நெட் வயரைப் பிடுங்கினாள். ஆட்-ஆனை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். எங்கேயும் அந்த முகவரி இல்லை. பேரை அனுப்பு, நம்பரை அனுப்பு என்று ஒரு சொல் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவள் எங்கே பார்ப்பாள், எப்படிப் பார்ப்பாள் என்று தெரிந்த ஒருத்தன்தான் இவள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க முடியும். தினமும் சாப்பாட்டு மேசையில் ஆபீஸ் கதையெல்லாம் சொல்லுவாள். யார் யார் எதை எங்கே ஒளித்தார்கள், எப்படிப் பிடித்தேன் என்று பெருமை பீற்றிக்கொள்வாள். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அவன்.

அவள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். பெற்றவர்கள் இல்லை. அவள் புருஷன் படிப்பை விட்டுவிட்டு லிஃப்ட் பழுது பார்க்கப் போய்த் தம்பியை வளர்த்தவன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது இவள். பெரியவனான பிறகு எங்கோ ராத்திரி ஷிப்ட் வேலைக்குப் போனான், தூக்கமில்லாமல் கண் உள்ளே போய், ஒருநாள் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். தண்டச்சோறு என்று ஊர் சொன்னது. இவர்கள் சொல்லவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அவன் எழுதியதுதான் இந்த ஆட்-ஆன். பல்வலிக்காரர்கள் அனுப்பும் குரல் செய்தியைக் கேட்டு, என்ன வலி என்று புரிந்துகொண்டு, நேரம் ஒதுக்கும். வாய் வீங்கினவர்கள் பேசுவது கடவுளுக்கே விளங்காது. இவனுடையதற்கு விளங்கியது. பெரிய டாக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், எப்போது மாட்டுவாய் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

திருடு போனால் பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் போலீஸுக்குச் சொல்வார். அதில் இரண்டு பேச்சு கிடையாது. போலீஸ் வந்து தம்பியைக் கேட்கும்போது அவள் புருஷன் வாசலில் எந்த முகத்தோடு நிற்பான்?

பெரிய டாக்டர் அறைக்குப் போய், கொழுந்தனுடைய ஆட்-ஆனை இப்போது மாட்ட முடியாது என்று மட்டும் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஏறிட்டுப் பார்த்தார். ஊரில் இருக்கிற எல்லோருடையதையும் பாஸ் பண்ணுகிறாய், வீட்டு ஆள் என்றால் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறாய் என்றார்.

"பார்க்கல டாக்டர். அதான் பிரச்னை."

நாளைக்கு முழுசாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, லீவு கேட்டு, பஸ் ஏறினாள்.

பஸ் ஊர்ந்தது. பாதை நடுவில் எங்கோ குழி தோண்டி வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். அழாமல் கேட்க வேண்டும். கத்தாமல் கேட்க வேண்டும். அவன் பொய் சொன்னால் தனக்குத் தெரியுமா என்றும் யோசித்தாள். பள்ளிக்கூட நாளில் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். இப்போது காதை மூடி முடி வளர்த்திருக்கிறான்.

வீட்டில் அவள் புருஷன் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பிப் போட்டிருந்தான். கொழுந்தன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். என்ன அண்ணி சீக்கிரம், உடம்புக்கு முடியலையா என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. வெங்காயம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசு சந்தேகப்பட்டது. அவ்வளவு தூரம் போயிருந்தது சங்கதி.

"கத்தியை வச்சுட்டு வா. உன் லேப்டாப்பை எடுத்துட்டு வா."

ஒத்திகை பார்த்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. நடந்ததை முன்னுக்குப் பின் மாறாமல், வரிசையாகச் சொன்னாள். டிராயர் போன் அடித்தது, கடைவாய்க்காரியைக் கேட்டது, பொட்டலங்கள் போனது, போன முகவரி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே புருஷன் கையிலிருந்த திருப்புளி நின்றுவிட்டது. அவன் தம்பியைப் பார்க்கவில்லை. மின்விசிறியின் றெக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பல் காப்பீடா?" என்றான் கொழுந்தன்.

"ஆமா."

"பொம்பள குரலா? பாதிச் செலவு மிச்சம்னு சொல்லிச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் மண்டையைச் சொறிந்தான்.

"எனக்கும் வந்துச்சு அண்ணி. முந்தாநாள்லேருந்து வருது. ஞானப்பல் எடுக்கணுமாமேன்னு. எனக்கு ஞானப்பல் முளைக்கவே இல்லைன்னு அந்தம்மாகிட்ட அரைமணி நேரம் சண்டை போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் அவசர அவசரமாக விளக்கினான். எழுதியது ஓடுகிறதா என்று பார்க்க, அதைத் தன்னுடைய லேப்டாப்பில் இருக்கும் ஏஜென்ட்டிலேயே மாட்டி வைத்திருந்தான். சோதிக்க நோயாளிகள் வேண்டுமே. அவளைப் போலக் கற்பனைக் கூட்டம் உண்டாக்கச் சோம்பேறித்தனம். வீட்டில் இருக்கிற மூன்று பேரையும் நோயாளியாக்கிவிட்டான். நிஜப் பேர், நிஜ நம்பர். தனக்கு ஞானப்பல், அண்ணிக்குப் பல் கூச்சம், அண்ணனுக்குப் பல் ஆட்டம்.

தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது நீதானாடா?"

புருஷன் திருப்புளியைக் கீழே வைத்தான். அவனுக்கும் வந்திருக்கிறது. உங்களுக்குப் பல் ஆடுகிறதாமே என்று ஒரு பெண் ரொம்ப அக்கறையாகக் கேட்டாளாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மனைவிதான் யாரிடமோ சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்கிறாள் என்று நினைத்தானாம். கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கிறான்.

"ஒண்ணு லேசா ஆடுற மாதிரிதான் இருந்துச்சு," என்றான். "இலவச செக்கப்னாங்க. வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்."

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பரை எடுப்பதில்லை என்பது அவள் தொழில் பழக்கம். எடுக்காத அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் ஒரே நம்பர். பல் கூச்சத்துக்காக விடாமல் அடித்திருக்கிறார்கள்.

திருடன் தன் பையிலேயே கைவிடுவானா? தன் நம்பர், அண்ணன் நம்பர், அண்ணி நம்பர் என்று ஒருத்தன் விடாமல் கொண்டுபோய்க் கொடுப்பானா? கொடுத்துவிட்டு, வந்த போனோடு அரைமணி நேரம் ஞானப்பல்லுக்காக மல்லுக்கு நிற்பானா? நிற்க மாட்டான். இப்படிச் செய்ய ஒரு மடையனால்தான் முடியும். கலப்படமே இல்லாத, அசல் மடையனால். அந்த நினைப்பு உள்ளே இறங்க இறங்க, மத்தியானத்திலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போயிற்று. அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்துதான் இருந்தாள்.

"சரி, எங்கேயிருந்து போகுது? அதைக் காட்டு," என்றாள். குரல் பழையபடி ஆகியிருந்தது.

கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஆட்-ஆனில் ஒரு வரி இருந்தது. பல்வலியை ஜனங்கள் எப்படியெல்லாம் சொல்வார்கள், குடைச்சல், கூச்சம், விண்விண் என்கிறது, ஈறு உப்பிப்போச்சு, இப்படிப்பட்ட சொற்களெல்லாம் தொகுத்த ஒரு வெளிப் பக்கத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வா என்று. அந்தப் பக்கம் கொழுந்தனுடையது இல்லை. ஏதோ ஓர் அரட்டைக் குழுவில் முகம் தெரியாத ஒருவர் இலவசமாகக் கொடுத்தது. இவன் அந்தச் சொற்களைக் காப்பி எடுத்து ஆட்-ஆனுக்குள்ளேயே வைத்துவிட நினைத்திருந்தான். நினைத்ததோடு சரி. ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் அங்கே போய்ப் படித்துக்கொண்டே இருந்தது.

அவளும் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தாள். ஆட்-ஆன் வந்த அன்றைக்கே, கடைசிச் சொல் வரை. நல்ல சொற்கள்தான். படித்தாயிற்று என்று ஒதுக்கிவிட்டாள். படித்த பக்கம் படித்தபடியே இருக்கும் என்று நினைத்ததுதான் அவள் பிழை. அடுத்தவன் வீட்டுச் சுவர் அது. இன்றைக்கு வெள்ளையாக இருக்கும், நாளைக்கு அவன் இஷ்டத்துக்கு எதையும் எழுதுவான்.

எழுதியிருந்தான். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். சொற்களெல்லாம் முடிந்து, நெடுந்தூரம் வெற்றிடம் ஓடி, அடியில் ஒரு பத்தி. இதைப் படிக்கும் ஏஜென்ட், புதிதாக வந்தவர்களின் பேர், தொலைபேசி எண், பல் தொல்லை ஆகியவற்றை எழுத்துப்பிழை சரிபார்ப்பதற்காகக் கீழ்க்கண்ட முகவரிக்கு அன்புடன் அனுப்பிவைக்கவும், உரிமையாளருக்கு வேலை அதிகம் என்பதால் இதற்காக அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நன்றி.

"பாருங்க அண்ணி. நான் எழுதியிருந்தா இவ்வளவு மரியாதையாவா எழுதியிருப்பேன்?"

அண்ணன் தம்பியின் பிடரியில் ஒன்று வைத்தான். பலமாக இல்லை. கையை உடனே எடுக்கவும் இல்லை, அங்கேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் பெரிய டாக்டரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தின் கதை, கொழுந்தனின் சோம்பேறித்தனம், பதிவைத் தினமும் பார்க்காத தன் அசட்டை, எதையும் விடவில்லை. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். போன வாரம் நான் நச்சரித்தபோதே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டார். நம் நோயாளிகள் அத்தனை பேருக்கும் இந்நேரம் போன் போயிருக்கும், யாருக்கு என்ன வியாதி என்று ஊரான் ஒப்பித்துக்கொண்டிருப்பான் என்றாள். இப்போது போனது எது என்று டாக்டர் கேட்டார். பொம்மைகளும், எங்கள் வீட்டு மூன்று பேரும்தான் என்றாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நான் இனிமே நச்சரிக்கல," என்றார் டாக்டர். "போலீஸுக்கு நான் சொல்லிக்கிறேன். உங்க வீட்டுக்காரரை வியாழக்கிழமை அங்க போகச் சொல்லாத. பல் ஆடுதுன்னா நம்மகிட்ட வரச்சொல்லு."

அந்தப் பக்கத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று கொழுந்தனே அரட்டைக் குழுவில் விஷயத்தை எழுதிப் போட்டான். எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேர், எங்களுக்கும் பல் காப்பீட்டு அழைப்பு வருகிறது என்று பதில் போட்டுவிட்டார்கள். தன் ஏஜென்ட்டிலிருந்து ஆட்-ஆனைக் கழற்றி எறிந்தான். பிறகு பாதியில் விட்ட வெங்காயத்துக்குப் போனான்.

மூன்று பேரும் மின்விசிறி இல்லாமல் வியர்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டது எங்கே போனதென்று தெரியவில்லை, அவளுக்கு அப்படியொரு பசி. புருஷன் கை கழுவப் போன நேரம் பார்த்து, கொழுந்தன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான்தான் திருடிட்டேன்னு நினைச்சீங்களா அண்ணி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"நினைச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"பஸ்ல வந்த நேரம் பூரா."

அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "பஸ் லேட்டா?"

"ரொம்ப லேட்டு."

"போலீஸுக்கு முதல்ல சொல்றதா, அண்ணன்கிட்ட முதல்ல சொல்றதா, எதுன்னு முடிவு பண்ணீங்க?"

"முடிவு பண்றதுக்குள்ள ஸ்டாப் வந்துடுச்சு."

அவன் தலையைத் தூக்கினான். கோபமாக இருப்பதா வேண்டாமா என்று அந்த முகம் தடுமாறியது அவளுக்குத் தெரிந்தது. தடுமாறட்டும் என்று விட்டாள். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. பிறகு அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். வாயில் இருந்தது புரையேறியது. அவள் எட்டி அவன் உச்சியில் தட்டினாள். கண்ணில் தண்ணீர் வர இருமிக்கொண்டே, தண்ணீர், தண்ணீர் என்று அவன் கையை நீட்டினான். செம்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு அவள் தனக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.